அட்டை அசல்தானா, ஐயா?

பாலாற்றங்கரையில் தையல்நாயகி அம்மாளின் ஆசிரமம். அம்மாளுக்கு வயது நாற்பதுகூட இல்லை. சீடர் ஏகாம்பரமோ அடையாள அட்டை ஆபீஸில் காலமெல்லாம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். ஞானத்துக்கு வயசா பார்க்கிறார்கள்! ஆசிரமத்தின் வாசல் காவலும், அம்மாள் இணையத்தில் நடத்தும் கேள்வி பதில் குழுவும் அவர் பொறுப்பு.

அந்தக் குழுவில் 'தும்பைப்பூ' என்ற பெயரில் ஒரு பெண் கேட்டாள்: "அடிக்கிற புருஷனை விட்டுப் பிள்ளையோடு வந்துவிட்டேன். இது பாவமா?"

அம்மாள் பதில் சொல்வதற்குள் சாக்கடை திறந்துகொண்டது. பேரும் முகமும் இல்லாத பேர்வழிகள் காது கூசும்படி அவளைத் திட்டினார்கள். ஏகாம்பரத்துக்கு ரத்தம் கொதித்தது.

"எல்லாம் முக்காடு போட்ட பயலுக அம்மா. அட்டையைக் காட்டு, சொந்தப் பேரும் ஊரும் போடு, அப்புறம் பேசுன்னு சொல்லிட்டா ஒரு பய வாலாட்ட மாட்டான்."

"எல்லாருக்குமா, ஐயா?"

"சட்டம்னா எல்லாருக்கும்தானே!"

அம்மாள் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஐயா செல்போனில் பாதி வேலையை முடித்துவிட்டார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், பலன் இருந்தது. வசவு பாதியாகக் குறைந்தது. முதல் ஆளாக அட்டை காட்டியவர் குணசீலன் என்று ஒருவர். "மனுஷன்னா இப்படி இருக்கணும்" என்று ஏகாம்பரம் அவரைக் குழுவிலேயே மெச்சினார். மீதி வசவு இப்போது சொந்தப் பேரில், பெண்டாட்டி பிள்ளைகளோடு எடுத்த போட்டோவோடு வந்தது. கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா! அதை ஏகாம்பரம் கண்டுகொள்ளவில்லை.

தும்பைப்பூ மட்டும் அட்டை காட்டவில்லை. அம்மாளுக்குத் தெரியாமல் ஏகாம்பரம் அவளுக்குத் தனியாக எழுதினார்: "மடியில் கனம் இல்லாதவளுக்கு வழியில் பயம் எதற்கம்மா?"

மறுநாள் அவளும் காட்டிவிட்டாள். அவளுடைய சொந்தப் பேரும் ஊரும் கேள்விக்கு மேலே ஏறின. ஏகாம்பரத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

சில நாள் கழித்து, காலையில் ஆசிரமத்து வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை. உதடு கிழிந்து வீங்கியிருந்தது.

"பேரு? அட்டை இருக்கா?" என்றார் ஏகாம்பரம், பழக்க தோஷத்தில்.

"உங்ககிட்ட முன்னாடியே காட்டிட்டேனே சார்." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "வசவுக்குப் பயந்து நான் குழுப் பக்கமே வரல; நீங்க தனியா எழுதினீங்கன்னுதான் காட்டினேன். சுகந்தி. அந்தத் தும்பைப்பூ நான்தான். பேரையும் ஊரையும் பார்த்துட்டு நேத்து அவரு வீடு தேடி வந்துட்டாரு. வேற எங்க போறதுன்னு தெரியல சார்."

பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது ஏகாம்பரத்துக்கு. அவர் எழுதிய அந்த ஒரு வரி காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது. அதற்குள் அம்மாள் வந்துவிட்டார். ஒரு கேள்வியும் கேட்காமல் குழந்தையை வாங்கிக்கொண்டு, சுகந்தியை உள்ளே அழைத்துப் போனார். மகளிர் போலீசுக்குப் போன் செய்தார்.

ஏகாம்பரம் கம்பிக் கதவைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே போனார்.

"கெட்டவன் யாருன்னு தெரியணும்னுதானே அம்மா செஞ்சேன்? அது தப்பா?"

அம்மாள் சுகந்தியின் உதட்டுக்கு மருந்து வைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ஏகாம்பரம் வாசலுக்கு ஓடினார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதியோடு ஒருவர் நின்றிருந்தார். கேட்பதற்கு முன்பே கம்பிக்குள் கையை விட்டு அட்டையை நீட்டினார்.

"வணக்கம் சார். நான் குணசீலன். நீங்ககூட என்னைப் பாராட்டி எழுதினீங்களே! என் சம்சாரம் சுகந்தி கோவிச்சுக்கிட்டு இங்க வந்துட்டா. கூட்டிக்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

ஏகாம்பரம் அட்டையை வாங்கிப் பார்த்தார். வெட்கம் உச்சந்தலை வரைக்கும் சுட்டது.

அம்மாள் பின்னால் வந்து நின்றார்.

"அட்டை அசல்தானா, ஐயா?"

"அசல்தான் அம்மா."

"பேரு, ஊரு, முகம் எல்லாம் சரியா இருக்கா?"

"இருக்கும்மா."

"அப்போ கதவைத் திறந்து விடலாமே."

ஏகாம்பரம் தலை நிமிரவில்லை. தாழ்ப்பாளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.