நாற்பத்திரண்டு கேள்விகளும் ஒரு புரோட்டா மாஸ்டரும்

இந்தக் கதையில் சீடருக்கு வயது ஐம்பத்திரண்டு, குருவுக்கு முப்பத்தொன்பது. போதாததற்கு, சீடர் டாக்டர், குரு நர்ஸ். பழைய ஏடுகளில் இதற்கு முன்மாதிரி கிடைப்பது அரிது.

திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனை. ஐசியூவிலிருந்து பிழைத்து வீடு போனவர்கள் அடுத்த இரண்டு வருடத்தில் எப்படி இருக்கிறார்கள் என்பது டாக்டர் வைகுண்டராமனின் ஆய்வு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போன் போட்டு நாற்பத்திரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். தெபோராள் சிஸ்டர் பத்து வருடம் அதே ஐசியூவில் வேலை பார்த்துவிட்டு, இப்போது இந்த ஆய்வுக்கு வந்திருந்தார்.

பிழைத்தவர்கள் போனை எடுக்காமல் ஒவ்வொருவராக நழுவினார்கள். இன்னும் ஒருவர் நழுவினால் ஆய்வை மூடிவிடுவோம் என்று மேலிடத்துக் கடிதம் வந்துவிட்டது. அந்த ஒருவர் யார் என்பதும் ஏறக்குறைய தெரிந்துவிட்டது. பாளையங்கோட்டையில் புரோட்டா மாஸ்டர், பெயர் முப்பிடாதி. பதினேழு முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

"உயிரைக் காப்பாத்தி அனுப்பியிருக்கோம். ஒரு போனை எடுக்க என்ன கஷ்டம் சிஸ்டர்?"

"டீ குடிச்சிட்டு வாரேன் சார்" என்று தெபோராள் எழுந்து போய்விட்டார்.

ஐந்து நிமிடத்தில் டாக்டரின் செல்போன் அடித்தது. திரையில் 'அம்மா ஐசியூ' என்று வந்தது. போன வருடம் அவர் அம்மா உள்ளே படுத்திருந்தபோது பதிந்துவைத்த ஐசியூ எண்; ஆய்வுக்கும் அதே எண்ணிலிருந்துதான் கூப்பிடுவார்கள். அழிக்க மறந்திருந்தார்.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"ஹலோ... ஹலோ, என்ன ஆச்சு?"

"தெபோராள் பேசுறேன் சார். கேள்வி ஒண்ணு: பிடிமானம் இல்லாம படியேற முடியுதா?"



"அம்மா நல்லாயிருக்காங்க சிஸ்டர். காலையில தோசை சுட்டுப் போட்டாங்க."

"தெரியும் சார். நாற்காலி விழுந்த சத்தம் கேட்டுதே, அது எதுக்கு?"

அவர் நாற்காலியை நிமிர்த்தி வைத்தார்.

"நேர்லேயே போயிருவோமா?" என்றார்.

"போவோம். கேள்விப் படிவம் வேண்டாம்."

படிவம் இல்லாமல் ஒரு பேராசிரியர் தெருவில் இறங்குவது நடக்கிற காரியமா? நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மாலை நான்கு மணிக்குக் கடையில் கூட்டம் இல்லை. கல்லுக்கு முன்னால் வேறொருவர் மாவை வீசிக்கொண்டிருந்தார். முப்பிடாதி ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து உருண்டை பிடித்தார். இவர்களைக் கண்டதும் அவர் பார்வை முதலில் போனது பின்வாசலுக்கு.

"வாங்க சிஸ்டர். சாப்பிடவா, என்னைப் பிடிக்கவா?"

"ரெண்டு புரோட்டா அண்ணாச்சி. சால்னா நிறைய."

டாக்டர் பொறுத்தார். ஒரு புரோட்டா முடியும்வரை பொறுத்தார். பிறகு படிவத்தை உருவினார்.

"மிஸ்டர் முப்பிடாதி, நோய்க்கு முன் செய்த வேலைக்கே திரும்பிவிட்டீர்களா? ஆம், அல்லது இல்லை."

முப்பிடாதி கல்லைப் பார்த்தார். மாவு வீசுகிறவரைப் பார்த்தார். தன் கையிலிருந்த உருண்டையைப் பார்த்தார்.

"அதுல எதைச் சார் சொல்ல?"

தெபோராள் படிவத்தை வாங்கித் தன் இலைக்கு அடியில் வைத்தார். சால்னா மெல்ல அதில் ஏறியது.

"இன்னைக்கு நீங்க கேளுங்க அண்ணாச்சி."

"நானா? கேட்டா வைய மாட்டீகளே?"

"கேளுங்க."

முப்பிடாதி கையிலிருந்த மாவைத் துடைத்தார். குரல் இறங்கியது.

"இருபத்துமூணு நாள் அங்கன கிடந்தேனாம். ஒண்ணும் நெனவில்ல. என் கையைக் கட்டிப்போட்டது மட்டும் நெனவிருக்கு. எந்தப் போலீஸ் ஸ்டேசன் அது?"

டாக்டர் வாயைத் திறந்தார். மேசைக்கு அடியில் தெபோராளின் செருப்பு அவர் காலை மிதித்தது.

"அது ஐசியூதான். கட்டினது நான். எட்டாம் நாள். மயக்கத்துல தொண்டைக் குழாயைப் பிடுங்கப் பார்த்தீங்க. உங்க வீட்டம்மாகிட்ட சொல்லிட்டு, பஞ்சு வச்சு, துணியால கட்டினேன். மறுநாள் அவிழ்த்தாச்சு."

"நீங்களா?"

"நானேதான்."

"அப்போ நான் ஒரு தப்பும் செய்யலியா?"

"செஞ்சீங்க. எம் மூக்குக் கண்ணாடியைத் தட்டி உடைச்சீங்க."

முப்பிடாதி சிரித்தார். சிரிப்பு நின்றபோது கண்ணைத் துண்டால் அழுத்திக்கொண்டார்.

"ஒரு வருசமா யோசிக்கேன் சிஸ்டர், என்ன பண்ணினோம்னு. பொண்டாட்டிகிட்ட கேக்கப் பயம். நீங்க போன் போட்டு வரிசையாக் கேள்வி கேக்கும்போதெல்லாம் விசாரணைனுல்லா நெனச்சேன்."

அவர் எழுந்து கல்லுப் பக்கம் போனார். "தள்ளும்வே" என்று மற்றவரை விலக்கி ஒரு உருண்டையை எடுத்து வீசினார். பாதியில் கிழிந்தது. கிழிந்ததையே சுருட்டிக் கல்லில் போட்டார்.

"சார்வாளுக்கு இது என் கணக்கு" என்றார் திரும்பாமல்.

டாக்டர் இலைக்கு அடியிலிருந்த படிவத்தைப் பார்த்தார். படிக்கும் நிலையில் அது இல்லை.

"சிஸ்டர்," என்றார் மெதுவாக, "இனி இவர் நம்மை விட்டுப் போகமாட்டார்னு எப்படி நம்புறது?"

"எட்டாம் நாளை மட்டும்தான் கொடுத்திருக்கோம் சார். இன்னும் இருபத்திரண்டு நாள் நம்மகிட்ட இருக்கு. எல்லாம் அவரோடது."