முப்பத்தோராம் பக்கம்

நூற்றுத் தொண்ணூறு நாடுகள் கையெழுத்துப் போட்ட உடன்படிக்கையைத் திருமேனி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். படகிலிருந்து இறங்கும்போது வேட்டி நனைந்தது. தாள் நனையவில்லை.

வெண்மணல் ஒரு தீவு. ஒரு நாடும்கூட. அங்கிருந்த அறுபத்திரண்டு குடும்பங்களுக்கும் சேர்த்து ஒரு கொடி இருந்தது. எங்கெங்கோ எழுந்த புகை வானத்தைச் சூடாக்க, அந்தச் சூட்டில் கடல் உயர்ந்து, வருஷத்துக்கு ஒரு தெருவாகத் தின்றுகொண்டு வந்தது.

மறுநாள் காலையில் பெருநிலத்திலிருந்து கப்பல் வருகிறது. வர விரும்புகிறவர்களை ஏற்றிக்கொண்டு போகும், பிறகு வராது. போவதா இருப்பதா என்று, நாட்டின் பிரதிநிதியாய்ப் பேசிவிட்டு வந்த திருமேனியின் வாயைப் பார்த்து ஊரே கரையில் நின்றது.

"ஐயா, மூட்டையைக் கட்டவா, அவிழ்க்கவா?" என்றாள் பேச்சியம்மாள். "இரண்டு தரம் கட்டி, இரண்டு தரம் அவிழ்த்தாச்சு. கயிறுதான் நைஞ்சு போச்சு."

"ஜெயித்துவிட்டோம், பேச்சி. கொஞ்சம் பொறு. அம்மையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன்."

அம்மை என்று அவர் சொன்ன குரு தீவின் தென்முனையில் இருந்தார். திருமேனியைவிடப் பதினெட்டு வயது இளையவர்; ஆனாலும் ஊருக்கெல்லாம் அம்மை. அவருடைய மூன்று குடிசைகளில் இரண்டைக் கடல் கொண்டுபோயிருந்தது. திருமேனி போனபோது, கிணற்று நீரை வாயில் விட்டுப் பார்த்துத் துப்பிக்கொண்டிருந்தார்.

"அம்மை, எல்லா நாடும் ஒப்புக்கொண்டுவிட்டது! பன்னிரண்டு வருஷ அலைச்சல். ஊரை இருக்கச் சொல்லட்டுமா?"

"தாளில் என்ன இருக்கிறது? படியும், கேட்கிறேன்."

திருமேனி வாசலில் உட்காரப் போனார்.

"இங்கே வேண்டாம். வாரும்."

போன வருஷம் இரண்டாவது குடிசையின் சமையற்கட்டு இருந்த இடத்துக்குக் குரு நடந்தார். ஈர மணலில் அடுப்புக் கற்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. ஒன்றில் அவர் உட்கார்ந்தார். இன்னொன்றைத் திருமேனிக்குக் காட்டினார். அன்று அமாவாசை. கடல் ஏறத் தொடங்குகிற நேரம்.

திருமேனி படித்தார். முகவுரையே நான்கு பக்கம். "நினைவில் கொண்டு… கவனத்தில் கொண்டு… ஆழ்ந்த கவலையுடன் நோக்கி…" குரலில் நல்ல மிடுக்கு இருந்தது. ஏழாம் பக்கத்தில் அலை பாதத்தைத் தொட்டது. காலை இழுத்துக்கொண்டு படித்தார்.

"புகையைக் குறைக்கிறோம் என்று எங்கே சொல்கிறார்கள்?"

"வருகிறது அம்மை. பதினெட்டாம் பக்கம்."

பதினெட்டாம் பக்கம் வந்தபோது தண்ணீர் கணுக்காலைத் தாண்டியிருந்தது.

"'அவரவர் சூழ்நிலைக்கு ஏற்ப, இயன்ற அளவு, உரிய காலத்தில்…'"

"உரிய காலம் என்றால்?"

"அதைப் பேச ஒரு குழு போட்டிருக்கிறார்கள்."

"குழு எப்போது கூடும்?"

"அடுத்த வருஷம் விட்டு, அதற்கடுத்த வருஷம்."

"அவசரக்காரர்கள்," என்றார் குரு.

திருமேனிக்குச் சுருக்கென்றது. "அங்கே வழக்கம் அப்படி, அம்மை. ஒரே ஒரு நாடு தன் பெயர்ப்பலகையை நிமிர்த்தி வைத்து மறுத்தாலும் தீர்மானம் நின்றுபோகும். அத்தனை பேர் தொண்டையிலும் இறங்க வேண்டுமென்றால், சொல்லைக் குழைய வேகவைக்கத்தான் வேண்டும்."

"உமக்கு முன்னாலும் ஒரு பலகை இருந்ததா?"

"இருந்தது."

"நிமிர்த்தினீரா?"

அலை ஒன்று வந்து போனது.

"நிமிர்த்தினேன்," என்றார் திருமேனி. "எல்லாரும் என்னையே பார்த்தார்கள். இரண்டு நாளாக யாரும் தூங்கியிருக்கவில்லை. பெரிய நாட்டுக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். 'உங்கள் ஒருவரால் எல்லாமே கெட்டுப்போகுமே' என்றார். நல்ல மனிதர், அம்மை. தன் கையாலேயே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன். பலகையைச் சாய்த்து வைத்தேன்."

"சும்மாவா சாய்த்தீர்?"

"சும்மா இல்லை!"

திருமேனி பரபரவென்று பக்கங்களைப் புரட்டினார். உட்கார்ந்திருந்த அவருடைய இடுப்பைத் தண்ணீர் சுற்றியிருந்தது. தாள்கட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, கீழிருந்து அண்ணாந்து படித்தார்.

"முப்பத்தோராம் பக்கம். கேட்டு வாங்கினேன். ஓர் எழுத்துகூட மாறக் கூடாது என்று நின்று வாங்கினேன். 'வெண்மணல் தீவின் நிலையைத் தனிப்பட்ட அக்கறையோடு இங்கே குறிப்பிடுகிறோம்.' நம் பெயர், அம்மை! வேறு எந்தச் சின்ன நாட்டுக்கும் கிடைக்கவில்லை. கீழே நூற்றுத் தொண்ணூறு கையெழுத்து. இனி அதை யாராலும் அழிக்க முடியாது."

சொல்லி முடித்தபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. தூரத்தில் ஊர் அசையாமல் நின்றது. திருமேனி உட்கார்ந்திருந்த கல்லுக்கடியில் மணல் கரைந்து, கல் ஒரு பக்கமாய்ச் சரிந்தது. குரு கையைக் கொடுத்து அவரைத் தூக்கி நிறுத்தினார்.

"நல்லது திருமேனி. பெயரைக் கரை சேர்த்துவிட்டீர். போய் ஆட்களைக் கப்பலில் ஏற்றும்."