'இருந்தார்' என்று சொன்ன முரசு

"முரசைத் தொடுறதுக்கு முன்னாடி..." என்று கோணேரியின் தாய்மாமன் அடிக்கடி ஏதோ சொல்வார். அந்தப் பாதிதான் கோணேரிக்கு நினைவில் இருந்தது. மீதி, மாமன் துப்பிய வெற்றிலைச் சாற்றோடு எங்கோ போய்விட்டது.

இது ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், மலை பேசியதை மரம் கேட்ட காலத்தில், வேங்கை நாட்டில் நடந்தது. கோணேரி அந்த நாட்டின் முரசறைவோன். அரசன் ஓலை கொடுப்பான். கோணேரி தெருத்தெருவாகப் போய், டும் டும் டும் என்று அடித்து, ஓலையில் உள்ளதைச் சொல்வான். அவன் குரல் ஏழு தெரு தாண்டிக் கேட்கும். அந்தக் குரல்தான் அவன் சோறு. அந்தக் குரல்தான் அவன் பெருமை.

அப்போதுதான் ஒரு பெரிய போர் முடிந்திருந்தது. போனவர்கள் முந்நூறு பேர், திரும்பியவர்கள் நூறு பேர். செத்தவர்களுக்கு எல்லையில் நடுகல் நட்டு, மாலை போட்டுக் கும்பிட்டார்கள். திரும்பி வந்தவர்களை முதல் மாதம் தோளில் தூக்கினார்கள். இரண்டாம் மாதம் தலையை ஆட்டினார்கள். மூன்றாம் மாதம், எதிரே வந்தால் அடுத்த தெருவுக்குத் திரும்பிக்கொண்டார்கள்.

போருக்கு முன்னால் அரசன் ஏரிக்கரை வயல்களை வீரர்களுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தான். அதைக் கேட்டு நூறு பேரும் தினமும் அரண்மனை வாசலில் நின்றார்கள். ஊன்றுகோல் சத்தத்தில் அரசனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அரண்மனை மந்திரவாதி சடாங்கன் சிரித்தான். "அரசே, நடுகல்லைப் பாருங்க. பசின்னு சொல்லுதா? வயல் கேட்குதா? வருஷத்துக்கு ஒரு மாலை போதும். இவங்களையும் அப்படி ஆக்கிட்டா என்ன?"

அரசன் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் கோணேரிக்கு ஓலை வந்தது. வெற்றி விழா, மூன்று நாள் அறிவிப்பு.

"டும் டும் டும்! நன்னி என்றொரு வீரர் இருந்தார்! கோட்டைக்கே காவலாக இருந்தார்!" இப்படியே நூறு பெயர்.

நன்னி கோணேரிக்கு அடுத்த வீட்டுக்காரர். இடது கையைப் போரில் விட்டுவிட்டு வந்தவர். முழங்காலுக்கடியில் கீரைத்தண்டை இடுக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஏண்டா தம்பி, நான் 'இருந்தேனா'? இதோ குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேனே, கண்ணு தெரியலையா?"

"கேட்க கம்பீரமா இருக்கில்ல அண்ணே! ஓலையில அப்படித்தான் இருக்கு."

அன்று மாலை நன்னியின் பாதம் கனத்தது. மறுநாள் எப்படியோ இழுத்துக்கொண்டு அரண்மனை வாசலுக்குப் போனார். இரண்டாம் அறிவிப்பு முடிந்ததும் நூறு பேரும் கழுத்து வரை கல்லானார்கள். ஊரே கூடிப் பார்த்தது. "அடடா, எவ்வளவு கம்பீரமா நிக்கிறாங்க!" என்று மாலை மேல் மாலை போட்டது.

மூன்றாம் நாள் காலை கோணேரி முரசை மாட்டினான். முரசு பேசியது.

"ஏண்டா கோணேரி, வெட்கமா இல்ல?"

"முரசு பேசுமா!"

"இத்தனை நாள் நீ பேசினே, நான் கேட்டேன். இன்னிக்கு நீ கேளு. நன்னிக்கு முன்னால போர்முரசா களத்துக்குப் போனது நான்தான். தோலை மாத்தி உன் கழுத்துல கட்டிட்டாங்க. 'இருந்தார்'ங்கிற சொல்லுலதாண்டா மாயம். இன்னொரு தடவை சொன்னா தலையும் கல்லு."

"ஐயோ! என்ன செய்யணும்?"

"'இருக்கிறார்'னு சொல்லு. அப்புறம் ஒரு கேள்வி கேட்டு, பதில் வர்ற வரைக்கும் நில்லு. செத்தவங்ககிட்ட யாரும் கேள்வி கேட்டு நிக்கறதில்ல. ஆனா ஒண்ணு, ஓலைச் சொல்லை மாத்தினா உன் குரல் கல்லாயிடும்."

கோணேரி தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பிறகு வாசலுக்குப் போனான். மாடத்தில் அரசன். பக்கத்தில் சடாங்கன்.

"டும் டும் டும்! நன்னி என்றொரு வீரர்..." மாலைக் குவியலுக்கு மேலே நன்னியின் கண்கள் மட்டும் அசைந்தன. "...இருக்கிறார்!"

சரளைக்கல்லை விழுங்கியதுபோல் தொண்டை கரகரத்தது.

"நன்னியண்ணே, சாப்பிட்டீங்களா?"

பதில் இல்லை. கோணேரி நின்றான். கூட்டம் முணுமுணுத்தது. கோணேரி நின்றான். சடாங்கன் பல்லைக் கடித்தான். கோணேரி நின்றான்.

"இல்லடா," என்றார் நன்னி. "நேத்துலேர்ந்து மாலைதான் விழுது. சோறு வரல."

படார் என்று கல் வெடித்து உதிர்ந்தது! ஒவ்வொரு பெயராக, ஒவ்வொரு கேள்வியாகக் கோணேரி போனான். குரல் தேய்ந்துகொண்டே வந்தது. நூறாவது வீரர் முன்னால் உதடு மட்டும்தான் அசைந்தது. கூட்டத்திலிருந்து ஒரு மீன்காரி முன்னால் வந்தாள். "இவரும் இருக்கிறார்! ஐயா, கால் ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டுவிட்டு, கூடையை இறக்கிவைத்து நின்றாள். அவரும் எழுந்தார்.

அதற்குள் முரசு தானாகவே முழங்கியது: "சடாங்கன் என்றொரு மந்திரவாதி இருந்தான்! இருந்தான்! இருந்தான்!" மாடத்தில் ஒரு கல் நின்றது. அதற்கு யாரும் மாலை போடவில்லை.

அரசன் இறங்கி வந்தான். "வயல்... இன்னும் வேணுமா?" என்று கேட்டு, தலை குனிந்து நின்றான்.

"நீங்க அன்னிக்கே கொடுத்ததுதானே," என்றார் நன்னி. "வழி விடுங்க, போதும்."

அரசன் வழி விட்டான். அன்றே நூறு பேரின் பெயர் எழுதிய பலகைகளும் வயல் வரப்புகளில் நடப்பட்டன.

கோணேரி வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. நூறு பேரும் அவனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். "கோணேரி இருக்கிறான்!" என்றார்கள். "தம்பி, தொண்டை எப்படிடா இருக்கு?" என்று நன்னி கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். வெயில் சாய்ந்தது. யாரும் எழுந்து போகவில்லை. கடைசியில் கோணேரி இருமினான். ஒரு கூழாங்கல் வெளியே விழுந்து உருண்டது.

"தாகமா இருக்கு அண்ணே" என்றான். ஏழு தெரு தாண்டிக் கேட்டது.

மாமன் சொன்ன மீதி அன்றும் நினைவுக்கு வரவில்லை. இனி யாரைப் பற்றிய ஓலை வந்தாலும், முதலில் அவர் வீட்டுக்குப் போய் அவரையே கேட்டுவிட்டு, பிறகுதான் முரசைத் தொடுவது என்று கோணேரி முடிவு செய்தான்.