பொட்டு இல்லாத குதிரை

“இன்னும் எத்தனை நாள் டீச்சர் நான் சும்மாவே பார்த்துக்கிட்டு இருக்கணும்?”

கேட்டவள் வேதவல்லி. கல்லூரியில் இருபது வருஷம் கணக்குப் பாடம் நடத்தியவள். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பழகவேண்டும் என்று கடையநல்லூர் பாலர் பள்ளிக்கு வந்திருந்தாள். அவளைப் பழக்கவேண்டிய சுபைதாவுக்கு வயது முப்பதுதான்.

சுபைதா வேதவல்லியின் இரண்டு கைகளையும் எடுத்து அவள் மடியிலேயே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

வேதவல்லிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

எதிரே நாலு வயது இசக்கி. அவள் முன்னால் யானை உருவம் குடைந்த ஒரு பலகை, ஆறு மரத்துண்டுகள். கால் இருக்கவேண்டிய பள்ளத்தில் தும்பிக்கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். ஒன்பது நாளாக இதே கூத்து.

சாயங்காலம் இசக்கியின் அம்மா பேச்சி வந்தாள். பீடி சுற்றுகிறவள். வாசலில் நின்றபடியே சொன்னாள்:

“ஒரு துண்டுகூடச் சேர்க்கத் தெரியல இவளுக்கு. வெள்ளிக்கிழமையோட நிறுத்திருதேன்.”

வேதவல்லிக்கு மனசு கேட்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் ஒவ்வொரு துண்டின் பின்னாலும் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினாள். அதே நிறத்தில் ஒரு பொட்டு, அந்தத் துண்டுக்குரிய பள்ளத்திலும்.

வெள்ளிக்கிழமை பேச்சி வந்து நின்றபோது, இரண்டே நிமிஷத்தில் யானை முழுசாகிவிட்டது.

“அடி எம்மா!” பேச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “இன்னொண்ணு குடுங்க, பார்ப்போம்.”

வேதவல்லிக்குப் பகீரென்றது. சுபைதா குதிரைப் பலகையை எடுத்து வைத்தாள்.

இசக்கி முதல் துண்டைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடுத்ததைக் கவிழ்த்தாள். எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, குதிரைத் தலையை எடுத்து வேதவல்லியிடம் நீட்டினாள்.

“பொட்டு எங்க டீச்சர்?”

பேச்சியின் முகம் சுருங்கியது.

வேதவல்லி துண்டை வாங்கிக்கொண்டாள். சுபைதாவிடம் திரும்பினாள்.

“நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சேன். இப்ப நான் என்ன செய்யணும்? நீங்களே சொல்லுங்க டீச்சர்.”

கை தானாக நீண்டுவிட்டது. குதிரைத் தலை சுபைதாவின் முகத்துக்கு நேரே நின்றது.

“எனக்குத் தெரியலையே அக்கா,” என்றாள் சுபைதா.



வேதவல்லிக்கு எரிச்சல் வந்தது. இவளுக்கா தெரியாது?

பிறகுதான், இசக்கியைப் போலவே நீட்டியபடி இருந்த தன் கையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மெல்லத் தரையில் உட்கார்ந்து, துண்டை இசக்கியின் உள்ளங்கையில் வைத்தாள்.

“எனக்கும் தெரியல இசக்கி.”

இசக்கி அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். துண்டின் வளைந்த ஓரத்தை விரலால் தடவினாள். பள்ளத்தில் வைத்தாள். உட்காரவில்லை. கொஞ்சம் திருப்பினாள். உட்காரவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.

பேச்சி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.