திங்கட்கிழமைச் சீட்டு

புதிர் போடுகிறவர்கள் வழக்கமாகக் கதைக்கு வெளியே சௌகரியமாக நின்றுகொள்வார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இதில் வரும் மூன்று பெண்களில் ஒருத்தி நான். யாரென்று இப்போதே சொன்னால் நீங்கள் இரக்கப்பட்டு எனக்குச் சலுகை காட்டிவிடுவீர்கள். அதனால் கடைசியில் சொல்கிறேன்.

திருப்பூரின் ஓரத்தில் ஒரு பெண்கள் பள்ளி. அங்கே எட்டாம் வகுப்பு மாணவிகள் இருபத்துநான்கு பேருக்கு மாலை வகுப்பு நடந்தது. இடம் கொடுத்தவர் தலைமையாசிரியை ஞானசௌந்தரி. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்த்தவர் பெற்றோர் குழுத் தலைவி சாந்தாமணி. பாடம் நடத்தியவள் பக்கத்துக் கல்லூரியில் கணிதம் படிக்கும் நிவேதா. மூவரில் ஒருவர் கைவிட்டாலும் வகுப்பு நின்றுபோகும்.

அந்த வகுப்பில் லிப்சா என்று ஒரு பெண். பெற்றோர் பனியன் கம்பெனி வேலைக்காக ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். அவள் வீட்டில் பேசுவது ஒடியா. ஆனாலும் சில பிள்ளைகள் அவளை 'இந்திக்காரி' என்றே கூப்பிட்டார்கள். கடைசி பெஞ்சில் அவள் மட்டும் தனியாக உட்கார்ந்திருப்பாள். இதை மாற்ற மூவரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். திங்கள்தோறும் எல்லோர் பெயரையும் சீட்டில் எழுதித் தூக்குப்போசியில் போட்டுக் குலுக்குவது. இரண்டிரண்டு சீட்டாக எடுத்தால் பன்னிரண்டு ஜோடி. அந்த வாரம் முழுக்க ஜோடியாகப் படிக்க வேண்டும், ஒன்றாக உட்கார்ந்து சுண்டல் சாப்பிட வேண்டும்.

முதல் வாரம் லிப்சாவுக்கு ஜோடியாக வந்தவள் ஹர்ஷினி. மறுநாளே ஹர்ஷினியின் அம்மா சாந்தாமணியைத் தேடி வந்துவிட்டார்.

"எம்புள்ளைய அவகூடச் சேத்தாதீங்க. இல்லாட்டி நிறுத்திக்கிறேன்."

சாந்தாமணி பயந்துபோனார். "ஏனுங்க டீச்சர், ஒரு புள்ளை நின்னா அதப் பாத்து நாலு புள்ளைங்க நின்னுக்குமுங்க" என்று தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னார்.

ஞானசௌந்தரி கையிலிருந்த பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எங்கிட்ட எதுவும் சொல்லாதீங்க. வகுப்பு நடந்தாச் சரி."

சாந்தாமணி நிவேதாவிடம் வந்தார். "ஹர்ஷினி சீட்டு மட்டும் லிப்சாகூடச் சேராமப் பாத்துக்க கண்ணு."

நிவேதா கெட்டவள் இல்லை. இனி யாருக்கு ஜோடியாக வந்தாலும் லிப்சாவின் முகம் வாடக் கூடாது என்று நினைத்தாள். அவளோடு சிரித்துப் பேசும் நான்கு பெண்களைக் குறித்துவைத்துக்கொண்டாள். ஒவ்வொரு திங்களும் அந்த நால்வரில் ஒருத்தியின் சீட்டையும் லிப்சாவின் சீட்டையும் உள்ளங்கையில் ஒளித்துவைத்து, போசிக்குள் கைவிட்டு எடுப்பதுபோல எடுத்தாள். லிப்சாவும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். இப்படிப் பத்து வாரம் ஓடியது.

பத்தாவது வாரம் நிவேதா காசைச் சுண்டிப் போட்டு நிகழ்தகவு நடத்தினாள். வகுப்பிலேயே முதலில் புரிந்துகொண்டவள் லிப்சா. அடுத்த திங்கள் சீட்டு எடுக்கும் முன் நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். மற்ற இருபத்துமூன்று பேரின் பெயரும் அதில் இருந்தது. ஹர்ஷினிக்கு நேரே ஒரு கோடு. நான்கு பெயர்களுக்கு நேரே இரண்டும் மூன்றுமாகக் கோடுகள். மற்றவர்களுக்கு நேரே வெறும் காகிதம்.

"அக்கா, இவங்க சீட்டெல்லாம் எங்கீங்க?"

நோட்டை மூடி அவளிடமே கொடுத்துவிட்டு நிவேதா பாடத்தைத் தொடங்கினாள். மறுநாள் முதல் லிப்சா மாலை வகுப்புக்கும் வரவில்லை, பள்ளிக்கும் வரவில்லை.

நான்காம் நாள் மூவரும் அவள் குடியிருந்த லைன் வீட்டுக்குப் போனார்கள். அம்மா கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பனியன்களுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள் லிப்சா. படிக்கப் போகாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ரயிலில் ஊருக்கு அனுப்பிவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். அங்கே சித்தப்பா வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். போனால் படிப்பு அத்தோடு சரி.

"அந்தம்மா மிரட்டுனதுக்குப் பயந்தது நானு சாமி. தப்பு என்னுது" என்றார் சாந்தாமணி.

"தெரிஞ்சும் கேக்காம இருந்தது நான்" என்றார் ஞானசௌந்தரி.

"சீட்ட ஒளிச்சது நான்தான்" என்றாள் நிவேதா.

லிப்சா கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை. "மூணு பேரும் சேந்து சொன்னா யாருமே சொல்லாத மாதிரிங்க. யாரு தப்பு பெருசோ அவங்க மட்டும் இருங்க. மத்தவங்க போயிருங்க. அப்பறம் நான் வர்றேன்."

அங்கே யார் இருந்திருக்க வேண்டும்? அச்சத்துக்குப் பணிந்தவரா, கண்ணை மூடிக்கொண்டவரா, கையால் செய்தவளா? சொல்லுங்கள்.

விடை: நிவேதா. அவள்தான் நான். அவள் சாந்தாமணி சொன்னபடி செய்தவள்தானே என்று நீங்கள் எனக்காக வாதாடலாம். என்னிடம் சொன்னது ஒரு சீட்டு. ஹர்ஷினியையும் அந்த நால்வரையும் கழித்தால் மிச்சம் பதினெட்டுப் பேர். அவர்களை விலக்கச் சொல்லி எந்தத் தாயும் வரவில்லை, ஜோடியாக உட்கார எந்தப் பிள்ளையும் மறுக்கவில்லை. அவர்களுக்கும் பிடிக்காது என்று நானாகவே முடிவுகட்டினேன். பாரபட்சத்தை ஒழிக்கப் போனவள் செய்த காரியம் இது. மற்ற இருவரையும் அனுப்பிவிட்டு லிப்சாவிடம் இதைச் சொன்னேன். "அத்தன பேருக்கும் என்னைப் புடிக்காதுன்னு நெனச்சுட்டேங்க" என்றாள். திங்கட்கிழமை வந்துவிட்டாள். அன்று அந்தப் பதினெட்டுப் பேரிடமும் வகுப்பில் நின்று மன்னிப்புக் கேட்டேன். அவர்களில் ஒருத்தியான மௌனிகா நடு பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

"நானு எப்பங்க்கா வேண்டாம்னு சொன்னேன்?"