அரசரைத் தொட்டதெல்லாம் துவைகல்லுக்கு

அன்று விருந்துக் கூடத்தில் இருந்தவர்கள்: பாயசம் குடித்துக்கொண்டிருந்த அரசர். அவருக்கு வலப்பக்கம் அமைச்சர் விழுப்பரையர். விழுப்பரையர் எது சொன்னாலும் ஆமாம் போடும் காலிங்கராயர். கவரி வீசும் பெண்கள் இருவர். வாசலில் சேவகர்கள். தூணில் சாய்ந்து வடை தின்றுகொண்டிருந்த விகடகவி கூத்தன். இவர்களோடு, அரசரின் தோளில் கிடந்த சிவப்புப் பட்டு மேலாடையில் ஒரு சொட்டு நெய்.

எந்த நாடு, எந்த ஆண்டு என்று கேட்க வேண்டாம். முன்பு எப்போதோ, அரசர் வாயில் வந்ததெல்லாம் சட்டமாக இருந்த காலம்.

நெய்ச் சொட்டை அரசர் பார்த்துவிட்டார். முடிசூட்டு விழாவுக்காக நெய்த மேலாடை அது. கரை நெடுக அன்னங்கள் வரிசையாக நடக்கும். அவருக்கு அதன்மேல் உயிர்.

"நாம் அழுக்கோடு அமர்ந்திருக்கிறோம். நீங்களெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்" என்றார்.

விழுப்பரையர் எழுந்தார். அரசர் தன்னிடம் ஆலோசனை கேட்டுவிட்டுக் கூத்தனிடம் சிரிப்பது அவருக்கு வெகுநாளாகப் பொறுக்கவில்லை.

"பேரரசே, இனி இந்தக் குறை நேராதபடி ஆணையிடுங்கள். தங்கள் திருமேனியில் ஒருமுறை பட்ட எதுவும், துவைகல்லில் அடித்துத் துவைக்கப்படாமல் மீண்டும் தங்கள் முன் வரக் கூடாது."

"நன்று. அப்படியே ஆகட்டும்."

"அன்னக்கரை மேலாடை மட்டும் நாள்தோறும் தங்களை அலங்கரிக்க வேண்டும். அதன் சாயம் மங்கக் கூடாது. ஓர் இழை நையக் கூடாது. இந்தப் பொறுப்பைச் சுமக்கும் அறிவு இந்த அவையில் கூத்தன் ஒருவனுக்குத்தான் உண்டு."

"தவறினால் தலை" என்றார் காலிங்கராயர், யாரும் கேட்காமலேயே.

அரசர் தலையசைத்தார். கூத்தன் வாயில் இருந்த வடையை விழுங்கினான்.

"வெட்டுவதற்கு முன் தலையையும் துவைக்க வேண்டுமா, அரசே?"

அரசர் சிரிக்கவில்லை. விழுப்பரையர் சிரித்தார். நாள்தோறும் கல்லில் அடித்தால் எந்தப் பட்டும் சீக்கிரமே கந்தலாகிவிடும். அது தெரிந்துதான் அவர் பேசினார்.

மறுநாள் முதல் கழுதைகள் அரண்மனைத் துணியைச் சுமந்து ஏரிக்கரைக்கு நடந்தன. தோளில் ஒரு நாழிகை கிடந்த துண்டு, கோயிலுக்குப் போய்வரக் கட்டிய வேட்டி, ஒருமுறை சாய்ந்த திண்டின் உறை, எல்லாம் போயின. அழுக்கெடுக்கும் உவர்மண் கரைத்து ஊறவைத்தார்கள். துணியை ஆவியில் அவிக்கும் வெள்ளாவிக்கு விறகு போதாமல் தோப்பில் கை வைத்தார்கள். கரையோரத் தண்ணீர் சாம்பல் நிறமாகி நுரைத்தது. ஊருக்கே குடிதண்ணீர் அந்த ஏரிதான்.

கூத்தன் ஒருநாள் அங்கே போனான். துறையில் துவைப்பவர்களுக்குத் தலைவி வீரம்மா. கையில் முறுக்கிய துணியோடு நிமிர்ந்தாள்.

"வாங்க சாமி, வேடிக்கை பாக்க வந்தீகளா? ஒங்க ராசா என்ன, சேத்துலயா பொரளுறாரு? இந்த வேட்டியப் பாருங்க. மடிப்புகூடக் கலையல. அதுக்குள்ள மறுபடி வந்து நிக்குது."

"ஆணை, வீரம்மா."

"ஆணையாவது பூனையாவது. மாடு இந்தத் தண்ணியில வாய் வைக்க மாட்டேங்குது. அடிக்க அடிக்கத் துணி நாராப் போகுது. அப்புறம் புதுசு நெய்வாக, சாயம் முக்குவாக, அந்தச் சாயத் தண்ணியும் இங்கதான் வரும்." சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "ஆமா, அந்தச் செவப்புப் பட்டு எங்க? ஒருநாளும் கண்ணுல படலியே?"

"மெல்லப் பேசு தாயி. அது இங்க வந்தா என் தலை போயிரும்."

"வரலன்னாலும் போகுமே?"

"போகும். கொஞ்சம் தாமதமாப் போகும். அதுக்குள்ள எதாவது தோணும்ல?"

கழுத்துக்கு மேல் கத்தி தொங்கும்போது இப்படிப் பேச எல்லோராலும் முடியாது.

கூத்தன் செய்தது இவ்வளவுதான். முதல் நாளே நெய் பட்ட இடத்தில் பயத்தமாவைத் தூவி எண்ணெய்ப் பசையை உறிஞ்சவிட்டான். பூந்திக்கொட்டை நுரையை அந்த இடத்தில் மட்டும் ஒற்றியெடுத்தான். பிறகு ஒவ்வொரு மாலையும் பட்டை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி, வெயில் படாத காற்றில் ஆறவிட்டான். ஒருநாள் மடித்த இடத்தில் மறுநாள் மடிக்கவில்லை. பட்டு மடிப்பில்தான் முதலில் அறும். பருத்தித் துணியில் சுற்றி, காய்ந்த வேப்பிலையோடும் வெட்டிவேரோடும் பெட்டியில் வைத்தான்.

காலையில் அரசர் அதைத் தோளில் போட்டு முகர்ந்து பார்ப்பார். "துவைத்தால் இப்படியல்லவா துவைக்க வேண்டும்!" என்பார். கூத்தன் வணங்குவான். வாய் திறக்க மாட்டான்.

ஏரிக்கரையில் விழுப்பரையர் ஓர் ஒற்றனை நிறுத்தியிருந்தார். ஒற்றன் வந்து சொன்ன செய்தியைக் கேட்டதும் நேராக அவைக்குப் போனார்.

"பேரரசே! தாங்கள் இப்போது அணிந்திருக்கும் மேலாடை ஆணை பிறந்த நாள் முதல் துவைகல்லைப் பார்த்ததே இல்லை. கூத்தன் தங்களை ஏமாற்றிவிட்டான்."

அரசரின் கை பட்டின்மேல் போய் நின்றது.

"உண்மையா, கூத்தா?"

"உண்மைதான், அரசே."

"ஆணையை மீறினாய்."

"மீறினேன். தலையைத் தருகிறேன். ஆனால் மீறியவன் நான் ஒருவன்தானா என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள். நியாயம் எல்லோருக்கும் ஒன்றுதானே? ஆணையை விழுப்பரையர் ஒருமுறை சொல்லட்டும்."

விழுப்பரையர் பெருமையோடு முழங்கினார். "திருமேனியில் ஒருமுறை பட்ட எதுவும், துவைகல்லில் அடித்துத் துவைக்கப்படாமல் மீண்டும் அரசர் முன் வரக் கூடாது!"

கூத்தன் கையைத் தட்டினான். அவன் முன்பே சொல்லிவைத்திருந்தபடி சேவகர்கள் மூச்சு வாங்க ஒரு துவைகல்லைத் தூக்கி வந்து அவை நடுவில் போட்டார்கள். பின்னால் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வீரம்மா.

"முதலில் மணிமுடி. நேற்றும் தலையில் இருந்தது. யாரும் துவைக்கவில்லை" என்றான் கூத்தன்.

வீரம்மா கையை நீட்டினாள். "கல்லு தெறிச்சுரும் ராசா. சன்னமா அடிக்கட்டா?"

அரசர் இரண்டு கைகளாலும் மணிமுடியைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம்!"

"சரி, அது கடைசியில் ஆகட்டும். அடுத்தது அமைச்சரின் தோளில் இருக்கும் பொன்னாடை. போன திருவிழாவில் அரசர் தாம் போட்டிருந்ததைக் கழற்றி இவருக்குப் போர்த்தினார்."

"இது அரசர் தந்த மரியாதை! கல்லில் அடித்தால் சரிகை என்னாவது?" விழுப்பரையர் பொன்னாடையை மார்போடு இறுக்கினார்.

"அதையும் பிறகு பார்ப்போம். போர்த்தியபோது அரசர் உங்களைக் கட்டித் தழுவினார். இந்த அவையே பார்த்தது. ஆகவே திருமேனியில் பட்டவர் நீங்கள். அன்றிலிருந்து ஒருநாளாவது கல்லில் அடிபட்டீர்களா?"

வீரம்மா அமைச்சரை மேலும் கீழும் பார்த்தாள். "நல்ல கனம். ரெண்டு பேரு புடிக்கணும். மொதல்ல ஊறப் போடுவமா சாமி, நேரா வெள்ளாவியா?"

சேவகர்கள் அரசரைப் பார்த்தார்கள். அரசர் தடுக்கவில்லை. ஆணை ஆணைதான். ஒருவன் கையைப் பிடித்தான், ஒருவன் காலைப் பிடித்தான். அமைச்சர் அந்தரத்தில் ஆடினார். காலிங்கராயர் இந்த முறை ஆமாம் சொல்லவில்லை. தூணுக்குப் பின்னால் போய்விட்டார். அவரையும் அரசர் ஒருமுறை தோளில் தட்டியிருந்தார்.

"அரசே!" என்று அலறினார் விழுப்பரையர். "ஒரே ஒரு முறைதானே தழுவினீர்கள்! என்மேல் என்ன அழுக்கு இருக்கிறது? அழுக்கே இல்லாததை எதற்கு அடிக்க வேண்டும்? நான் கிழிந்துபோவேன்!"

"இறக்குங்கள்" என்றான் கூத்தன். "பட்டை ஏன் துவைக்கவில்லை என்பதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது, அரசே. இவ்வளவு நன்றாக எனக்குச் சொல்ல வராது. அமைச்சரே சொல்லிவிட்டார். சந்தேகம் இருந்தால் ஏரிக்கரைக்கு வந்து தண்ணீரைப் பாருங்கள்."

அரசர் மேலாடையை மடியில் விரித்தார். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. ஓர் அன்னத்துக்கும் கால் நொண்டவில்லை. தரையில் உட்கார்ந்து தலைப்பாகையைத் தேடும் அமைச்சரைப் பார்த்தார். முதலில் அவர் தோள் குலுங்கியது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மணிமுடி நழுவிக் காதில் தொங்கியது.

ஆணை அன்றே மாறியது. அழுக்கானதைத் துவைப்பது, கறையை மட்டும் கழுவுவது, மற்றதைக் காற்றில் ஆறவிடுவது. உவர்மண்ணும் வெள்ளாவியும் குறைந்தன. மழைக்குப் பிறகு ஏரி தெளிந்தது. வீரம்மாவுக்குப் பட்டுச் சேலையும், கூத்தனுக்கு முத்துமாலையோடு உடை அறையின் சாவியும் கிடைத்தன.

"அழுக்கு எது, அழுக்கில்லாதது எது என்று யார் பிரிப்பது?" என்று ஆணையை மாற்றிய அன்றே அரசர் கேட்டார்.

"அதற்கு நல்ல மூக்கு வேண்டும், அரசே. அடுத்தவன் குறையை ஏரிக்கரை வரை மோப்பம் பிடித்தவர் இங்கேயே இருக்கிறார்."

அரசர் மறுபடியும் சிரித்தார். அன்று மாலையே விழுப்பரையர் உடை அறை வாசலில் நின்றார். உள்ளே வேட்டைக்குப் போய்வந்த துணிகள் ஒரு குவியல், மல்யுத்தக் கச்சைகள் ஒரு குவியல்.

"ஒவ்வொன்றாக முகருங்கள், ஐயா. முடிந்ததும் தட்டுங்கள்."

"கதவைத் திறந்தே வை, கூத்தா! இந்தக் கச்சை... ஐயோ!"

"காற்று வந்தால் வாசனை கலைந்துவிடும், ஐயா" என்று சொல்லிக் கூத்தன் கதவை இழுத்துச் சாத்தினான். பூட்டுக்குள் சாவி இரண்டு முறை திரும்பியது.