வாயில் வாத்து முட்டை

நாயின் வாயில் வாத்து இருந்தது. மாசிலாமணியின் கையில் நாயின் வால் இருந்தது.

"விடு பன்னு. விடுடா. சிட். டிராப். வா இங்க. வராத, அங்கயே நில்லு. ஸ்டே. விடுடா சனியனே."

பன்னு எதையும் செய்யவில்லை. இத்தனையில் எதைச் செய்வது என்று அதற்குத் தெரியவில்லை. யாருக்குத்தான் தெரியும்.

வரப்பின் மேல் தணிகாசலம் நின்றான். மாசிலாமணியின் மனைவிக்கு அண்ணன். வாத்துகளில் பாதி அவனுடையவை. கையில் கயிறு வைத்திருந்தான்.

"மாப்ள, வாலைப் புடிச்சு இழுத்தா வாய் தொறக்கும்னு உனக்கு யார் சொன்னா?"

மாசிலாமணி வாலை விட்டான். நாய் வாத்தை விட்டது. வாத்து சிறகை உதறிவிட்டுக் கத்திக்கொண்டே ஓடியது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

"போன வாரம் இது பட்டிக்குள்ள பூந்து, நெரிசல்ல மூணு வாத்து செத்துது. மறந்துட்டியா? நாளைக்கு முட்டை வண்டி வருது. இன்னைக்கு ஒரு வாத்து கொறைஞ்சாலும் உன் நாய் அதுல ஏறி டவுனுக்குப் போயிடும். அப்புறம் அழாத."

"நான் ஏன் அழறேன்," என்றான் மாசிலாமணி.

அது பொய். டவுனில் பங்களாவைக் காலி செய்தவர்கள் இந்த நாயைக் கேட்டுக்கு வெளியே விட்டுப் போனார்கள். டீக்கடை பன்னைப் போட்டுப் போட்டு அவன்தான் தேற்றினான். ஊர் ஊராக வாத்து மேய்க்கிறவனுக்குக் கூடவே வர ஒரு ஆள் கிடைத்த மாதிரி இருந்தது.

நேராக எஸ்தரிடம் போனான்.

வாத்துகள் மேய்ந்த, அறுப்பு முடிந்த வயல்களை ஒட்டி ஏரிக்கரையில் எஸ்தரின் நாய்ப் பள்ளி இருந்தது. வேட்டையில் சுட்டு விழுத்திய பறவையை எடுத்து வரும் சாதி நாய்களை வளர்த்துப் பழக்குகிறவர். சுடுவதெல்லாம் போய்விட்டது. இப்போது துணிப் பொம்மையை வீசி எடுத்து வரச் சொல்லிப் போட்டி நடத்துகிறார்கள். மாசிலாமணியைவிடப் பத்து வயசாவது சின்னவர். ஒரு சொல்லை இரண்டாம் முறை சொல்ல மாட்டார். நாயிடமும் சரி, ஆளிடமும் சரி.

"டீச்சர், இது சொன்ன பேச்சு கேக்கல."

"எந்தப் பேச்சு?"

"எல்லாப் பேச்சும்."

எஸ்தர் நாயின் வாயைத் திறந்து பார்த்தார். பல்லில் ஒரு இறகுகூட இல்லை.

"இதை மெது வாய்னு சொல்வோம். கடிக்காம தூக்குற வாய். இதைப் பழக்கி வரவைக்க நான் மாசக்கணக்கா கஷ்டப்படுவேன். இதுக்குப் பொறக்கும்போதே இருக்கு."

"அது இருந்து என்ன டீச்சர், மச்சான் வண்டி ஏத்திடுவான். எனக்கு எல்லா வார்த்தையும் சொல்லிக்குடுங்க. சீக்கிரம். இன்னைக்கே."

"ஹீல்னா, முழங்காலை ஒட்டி நடக்கணும். ஸ்டெடின்னா, எது விழுந்தாலும் அனுப்புற வரைக்கும் உக்காந்திருக்கணும். ஒரு விசில் ஊதினா, நின்னு திரும்பி உங்களைப் பாக்கணும். டிராப்னா, கையில குடுக்கணும்."

"அப்புறம்?"

"பொம்மை விழுந்த எடத்தை நாய் பாத்திருந்தா, அது மார்க். நாய் பாக்கல, நீங்க மட்டும் பாத்தீங்கன்னா, அது பிளைண்ட். அப்ப உங்க கையைப் பாத்துத்தான் போகும்."

மாசிலாமணி யோசித்தான்.

"ரெண்டு பேரும் பாக்கலன்னா?"

"அதுக்கு நான் பேர் வெக்கல," என்றார் எஸ்தர்.

"அப்ப என்ன செய்யறது?"

எஸ்தர் அவன் கையிலிருந்த முட்டைக் கூடையிலிருந்து ஒரு வாத்து முட்டையை எடுத்தார்.

"நாய்க்கா?"

"உங்களுக்கு. வாயில வெச்சுக்குங்க. உடையாம மதகு வரைக்கும் நாயோட போயிட்டு வாங்க."

"நான் என்ன நாயா டீச்சர்?"

எஸ்தர் முட்டையை நீட்டியபடியே நின்றார். அவனுக்கு வேறு வழி இல்லை. வாங்கிப் பல்லுக்கு நடுவே வைத்துக்கொண்டான்.

நடந்தான். பன்னு முன்னால் ஓடியது. அவன் கத்தப் பார்த்தான். முட்டை வழுக்கியது. பேசாமல் நின்றுவிட்டான்.

பன்னு கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தது. பின்னால் சத்தமே இல்லை. அது அதற்குப் புதுசு. அவனுக்கு என்ன ஆச்சு என்று பார்க்கத் திரும்பி வந்தது. முழங்காலை ஒட்டி நின்றது. அவன் நடந்தான். கூடவே நடந்தது.

வாய் அடைத்த ஆளுக்குக் கண்ணைத் தவிர வேறு வேலை இல்லை. அவன் நாயைப் பார்த்துக்கொண்டே போனான். சும்மா நடக்கும்போது வால் பெரிதாக, சோம்பேறித்தனமாக ஆடியது. நாணலில் எங்கோ ஒரு நீர்க்கோழி இருந்த இடத்தில் வால் மாறியது. சின்னதாக, படபடவென்று அடித்தது. கோழி பிறகுதான் எழுந்து பறந்தது.

இந்த வாலைத்தான் காலையில் பிடித்து இழுத்திருந்தான்.

திரும்பி வந்து முட்டையைக் கையில் துப்பினான். உடையவில்லை.

"நாய் இழுத்துச்சா?"

"இல்ல டீச்சர், அது என்னாச்சுன்னா, மொதல்ல ஓடுச்சு, நான் கத்தலாம்னு..."

எஸ்தர் முட்டையை எடுத்து மறுபடி அவன் வாயிலேயே வைத்தார்.

சாயங்காலம் பட்டிக்குத் திருப்பும்போது பருந்து இறங்கியது.

வாத்துக் கூட்டம் வெடித்த மாதிரி சிதறியது. வாய்க்காலில் பாதி, கோரையில் பாதி. எஸ்தரும் ஓடி வந்து கைகொடுத்தார். ஒரு வழியாக எல்லாவற்றையும் பட்டி வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். வாசலில் வந்து நின்றன. உள்ளே போகவில்லை.

"கோணக்கழுத்து எங்க?" என்றான் தணிகாசலம்.

கழுத்து கொஞ்சம் கோணலான ஆண் வாத்து. அது முதலில் நுழைந்தால்தான் மற்றவை நுழையும். இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க வெளியேதான் நிற்கும். கரைக்கு அந்தப் பக்கம் நரி இருக்கிறது.

"நீ பாத்தியா மாப்ள?"

"இல்ல."

"டீச்சர்?"

"இல்ல," என்றார் எஸ்தர்.

பன்னுவும் பார்க்கவில்லை. பருந்து இறங்கியபோது அது மாசிலாமணியின் காலடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. இத்தனை களேபரத்திலும் எழுந்திருக்கவில்லை. அதைக்கூட இப்போதுதான் கவனித்தார்கள்.

தணிகாசலம் கயிற்றைக் கையில் சுற்ற ஆரம்பித்தான்.

"பருந்து வந்த தெசைய வெச்சுப் பாத்தா எடது பக்கக் கோரைதான்," என்றார் எஸ்தர். "அனுப்புங்க." விசிலை அவன் கழுத்தில் மாட்டினார்.

மாசிலாமணி இடது பக்கம் கையை நீட்டினான். பன்னு போனது. பாதி வழியில் மூக்கைத் தூக்கியது. வலது பக்கம் திரும்பிவிட்டது.

"தப்பாப் போகுது. ஊதுங்க."

விசில் அவன் பல்லுக்கு நடுவே இருந்தது.

"ஊதுங்க," என்றார் எஸ்தர்.

இரண்டாம் முறை சொல்கிறார் என்பது அவனுக்கு உறைத்தது.

நாய் கோரைக்குள் போய்விட்டது. வால் நுனி மட்டும் மேலே தெரிந்தது. பெரிதாக ஆடவில்லை. சின்னதாக, படபடவென்று.

மாசிலாமணிக்கு மூச்சு முட்டியது. விட்டால் விசில் கத்திவிடும். மூக்கால் விட்டான்.

வால் மறைந்தது. கோரை அசைந்தது. அப்புறம் அதுவும் நின்றது.

"போச்சு," என்றான் தணிகாசலம். "கடிச்சுத் துன்னுட்டுத்தான் வரும்."



வலது பக்கக் கோரை பிளந்தது. உடம்பெல்லாம் சேறாக பன்னு வந்தது. வாயில் கோணக்கழுத்து இருந்தது. வாத்தின் காலில் அறுந்த வலைத் துண்டு சுற்றியிருந்தது. கண் திறந்திருந்தது. கழுத்து கோணல்தான், அது எப்போதும் அப்படித்தான்.

தணிகாசலம் கயிற்றைக் கீழே போட்டான். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

"உயிரோட இருக்குடா," என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

பன்னு மாசிலாமணியின் எதிரே வந்து உட்கார்ந்தது. வாத்தை விடவில்லை. அவனையே பார்த்தது.

"ஊதச் சொன்னேன்," என்றார் எஸ்தர்.

அவன் விசிலை வாயிலிருந்து எடுத்தான். "சொன்னீங்க டீச்சர்."

எஸ்தர் கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தார். பிறகு நாயைப் பார்த்தார்.

"சரி. இப்ப டிராப்னு சொல்லுங்க."

மாசிலாமணி மண்டி போட்டான். இரண்டு கையையும் சேர்த்து நீட்டினான். வாயைத் திறக்கவில்லை.